பைக் சீட்டை வீட்டிலேயே மாற்றி அமைப்பதும் நீர் புகாமல் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலான பைக் சீட்டுகளில் மூன்றே அடுக்குதான்: கீழே அடித்தட்டு, நடுவில் ஃபோம், மேலே ரெக்சின் உறை. பிளாஸ்டிக் அடித்தட்டில் உறையை ஸ்டேப்ளர் பின்கள் பிடித்திருக்கும். இரும்புத் தட்டாக இருந்தால் தட்டிலேயே மடக்கிய பற்களோ கிளிப்புகளோ இருக்கும். கீழே உள்ள பதில்கள் பிளாஸ்டிக் தட்டை மனத்தில் வைத்து எழுதியவை. பின் அடிக்கும் பகுதியைத் தவிர மற்றவை இரண்டுக்கும் பொருந்தும்.

சீட் மேலே காய்ந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது. ஏன்?

ஈரம் ஃபோமில் இருக்கிறது. ரெக்சினைத் துடைத்தால் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். ஃபோம் குடித்த நீருக்கு மேலே ரெக்சின் தடை, கீழே தட்டு தடை. உட்காரும்போது உங்கள் எடை அதைப் பிழிந்து, வந்த வழியிலேயே வெளியே தள்ளுகிறது.

ரெக்சின் நீர் புகாத பொருள்தானே? பிறகு எப்படி உள்ளே போகிறது?

ரெக்சினின் பி.வி.சி. பூச்சில் நீர் நுழையாது. தையல் ஓட்டைகளில் நுழையும். 4 மி.மீ.க்கு ஒரு குத்து என்று தைத்தால் 60 செ.மீ. தையலில் 150 ஓட்டைகள். அழகுக்காக இரட்டைத் தையல் போட்டால் 300. நூல் அந்த ஓட்டைகளை முழுதாக அடைப்பதில்லை. அதிலும் பருத்தி நூல் நீரை உறிஞ்சி உள்ளே கடத்தவும் செய்யும்.

ஓட்டை இருப்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைப் பலர் கவனிப்பதில்லை: ஃபோம் ஒரு துருத்தி. உட்கார்ந்தால் அதிலுள்ள காற்று வெளியே போகிறது. எழுந்தால் விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று எந்த வழி எளிதோ அந்த வழியாக வரும். அடித்தட்டில் தாராளமாகத் துளை இருந்தால் கீழிருந்து வரும். துளை அடைபட்டிருந்தால் தையல் ஓட்டை வழியாக வரும், அங்கே தேங்கி நிற்கும் மழைநீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. நிறுத்தி வைத்த வண்டியின் சீட்டைவிட, மழையில் ஏறி இறங்கி ஓட்டிய வண்டியின் சீட் அதிகம் நீர் குடிப்பது இதனால்தான்.

அப்படியானால் அடித்தட்டின் துளைகளை அடைக்கக் கூடாதா?

கூடவே கூடாது. வீட்டில் சீட்டை ‘வாட்டர்ப்ரூஃப்’ செய்பவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்த சீட் இரண்டு மழைக்குப் பிறகு நீர் நிரம்பிய பையாகிவிடும்.

துளை போதாவிட்டால் நீங்களே போடுங்கள். ஃபோமைக் கழற்றிவிட்டு, தட்டு வண்டியில் எந்தச் சாய்வில் உட்காருமோ அந்தச் சாய்வில் வைத்து ஒரு டம்ளர் நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் தேங்கும் இடங்கள்தான் துளை போட வேண்டிய இடங்கள். 5 அல்லது 6 மி.மீ. அளவில் மூன்று, நான்கு துளைகள் போதும். தட்டின் அடியில் ஓடும் விலா வரிகளை வெட்டிவிடாதீர்கள். தட்டின் பலமே அவைதான். பேட்டரி முனை, ஃபியூஸ் பெட்டி, வயர் இணைப்புகளுக்கு நேர் மேலே துளை வரக் கூடாது. பின்சக்கரம் நீரை வாரி அடிக்கும் இடத்தில் துளை போட நேர்ந்தால், அதன் கீழே பழைய டியூபில் வெட்டிய சிறு ரப்பர் மடலை முன்பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

துணி உறைக்குக் கொஞ்சம் பயன் உண்டு. ரெக்சின் மேற்பரப்பு ஏற்கெனவே நீரை விடாது, அதற்கு மேல் ஸ்ப்ரே எதைத் தடுக்கப் போகிறது? தையல் ஓட்டைகளை அது நிரப்புவதில்லை. சிலிக்கான் கலந்த பாலிஷ் வகைகளைச் சீட்டில் அடிக்கவே வேண்டாம். பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு டேங்கில் போய் மோதுவீர்கள்.

ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் போடலாமா?

போடலாம். வீட்டில் செய்யக்கூடியவற்றில் நிச்சயமாகப் பலன் தருவது இதுதான். ஆனால் எந்த ஷீட், அதன் ஓரம் எங்கே முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெல்லிய பாலிதீன் பை உட்காரும்போதெல்லாம் சரசரக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் சீக்கிரம் கிழியும். தடித்த, விரியாத தார்ப்பாயை இறுக்கிப் போட்டால் அது எடையைத் தானே தாங்கிக்கொண்டு ஃபோமை வேலை செய்யவிடாது. மெத்தென்ற சீட்கூடப் பலகைபோல் ஆகிவிடும். 0.1 முதல் 0.15 மி.மீ. வரை தடிமனுள்ள மென்மையான பி.வி.சி. ஷீட் (குளியலறைத் திரை வகை) அல்லது இழுத்தால் ரப்பர்போல் விரியும் டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் சரியாக இருக்கும்.

ஷீட்டைத் தளர்வாக, சுருக்கமில்லாமல் ஃபோம் மேல் விரித்து, பக்கவாட்டில் மட்டும் லேசாகப் பசை தொட்டு நிறுத்துங்கள். ஓரத்தைத் தட்டின் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக இறக்கி, உறையோடு சேர்த்துக் கீழே மடக்குங்கள். தையல் வழியாக வந்த நீர் இப்போது உறைக்கும் ஷீட்டுக்கும் நடுவே வழிந்து, பின்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சொட்டிவிடும். ஷீட்டின் ஓரம் விளிம்புக்கு உள்ளேயே நின்றுவிட்டால் அதே நீர் நேராக ஃபோமுக்குப் போய்ச் சேரும். ஷீட் போட்டும் போடாத கதைதான்.

ஷீட் மட்டும் இருந்து தையல் அடைக்கப்படாமல் இருந்தால் ஒரு குறை உண்டு. உறைக்கும் ஷீட்டுக்கும் நடுவே தங்கும் கொஞ்ச நீர், அடுத்த முறை உட்காரும்போது தையல் வழியே மேலே வரும். ஃபோம் காப்பாற்றப்படும், பேன்ட் காப்பாற்றப்படாது. அதனால் இரண்டையும் சேர்த்தே செய்வது நல்லது.

தையலை எதைக் கொண்டு அடைப்பது?

உறையைத் தைத்து முடித்து, சீட்டில் மாட்டுவதற்கு முன், உள்பக்கமாக அடைக்க வேண்டும். கூடாரத் தையல்களுக்கு விற்கும் பாலியூரித்தேன் திரவம் இதற்குப் பொருத்தம். தையலின் மேல் 15 மி.மீ. அகலத்துக்குத் தூரிகையால் தேயுங்கள். முதல் பூச்சு துணிப்பக்கத்தில் ஊறிப் போகும்; அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகே மாட்டுங்கள்.

வெறும் ஒட்டுப் பட்டையை மட்டும் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ரெக்சினின் உள்பக்கம் பின்னல் துணி. பட்டை அதன் மேல் ஒட்டும், நீர் பட்டைக்கு அடியில் துணி இழைகள் வழியே பக்கவாட்டில் நழுவிவிடும். பட்டை போடுவதானால் திரவப் பூச்சுக்கு மேல் போடுங்கள்.

சிலிக்கான் பி.வி.சி.யில் உறுதியாக ஒட்டாது. உரிந்த பிறகு அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது என்பது அதைவிடப் பெரிய தொல்லை. சூப்பர் க்ளூ இறுகிக் கண்ணாடிபோல் உடையும். சீட் வளைந்துகொண்டே இருக்கும் பொருள். வளையாத எதுவும் அதில் நிற்காது.

தையலே இல்லாமல் ஒரே துண்டாகப் போட முடியுமா?

சீட் தட்டையாகவோ மெல்லிய வளைவோடோ இருந்தால் முடியும். நான்கு பக்கமும் விரியும் ரெக்சின் வேண்டும். ஓட்டுநருக்கும் பின்னிருப்பவருக்கும் நடுவே ஆழமான படி இருந்தால் உறை அந்தக் குழியில் படியாமல் பாலம் கட்டி நிற்கும். அங்கே பசை போட்டு ஒட்டிப் பிடிப்பது சில காலம் தாங்கும், வெயில் பட்டால் கழன்றுகொள்ளும். அத்தகைய சீட்டுக்குத் தையல் தவிர்க்க முடியாதது. தையலை உட்காரும் பரப்பில் வைக்காமல் பக்கவாட்டுச் சரிவில் வையுங்கள். சரிவில் நீர் தேங்காது.

எந்த ரெக்சின் வாங்குவது?

படகு இருக்கைகளுக்கான வகை கிடைத்தால் அது. வெயிலைத் தாங்கும், பூஞ்சை எளிதில் பிடிக்காது. தடிமன் 0.9 முதல் 1.2 மி.மீ. வரை. பின்பக்கத் துணி பின்னலா நெசவா என்று பாருங்கள். பின்னலாக இருந்தால் விரிந்து வளைவில் படியும். நெசவுத் துணி விரியாது, மூலைக்கு மூலை சுருக்கம் விழும்.

உட்காருமிடத்தில் சொரசொரப்பான, பிடிப்புள்ள வகையும் பக்கங்களில் மழமழப்பான வகையும் சேர்ப்பது நன்றாக இருக்கும். அசல் தோல் மழையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

மெத்தென்ற ஃபோம்தானே சுகம்?

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்குச் சுகம். ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு இல்லை. மென்மையான ஃபோம் அமுங்கிப் போய், எடை முழுதும் இரண்டு உட்காரும் எலும்புகள் வழியாக அடித்தட்டில் இறங்கும். வலி அங்கேதான் தொடங்குகிறது.

ஃபோமில் அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ பொருள் என்பது. அது ஆயுளைச் சொல்லும். கடினம் என்பது அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. அறைகலன்களில் வரும் 24 முதல் 32 கிலோ வரையிலான ஃபோம் பைக்குக்கு உதவாது, சில மாதங்களில் குழி விழுந்துவிடும். துண்டுகளை அரைத்து அழுத்திச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் 80 கிலோவுக்கு மேல் கிடைக்கும். கடினமானது, தாங்கும் அடுக்குக்கு ஏற்றது. அதன் மேல் 10 முதல் 12 மி.மீ. மென் ஃபோம் ஒன்று போட்டால் போதும்.

நிறுவனம் அச்சில் வார்த்த ஃபோம் குழி விழாமல் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அதையே செதுக்கி, தேவையான இடத்தில் மட்டும் புதிதாகச் சேர்ப்பதுதான் நல்ல வழி.

எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அலை அட்டையை (பெட்டி செய்யும் அட்டை) கெட்டியான ஸ்டூலில் வைத்து, முழங்கால் சற்று உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்து முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். இரண்டு பள்ளங்கள் விழும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ. வரை இருக்கும். வண்டியில் உங்கள் இயல்பான இடத்தில் உட்கார்ந்து, இடுப்பின் பின்விளிம்பை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொண்டால், இந்தப் பள்ளங்கள் சீட்டில் எங்கே வரும் என்று தெரிந்துவிடும். தாங்கும் ஃபோமோ ஜெல்லோ அங்கேதான் வர வேண்டும்.

டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே போகிறீர்கள் என்றால் பிரச்சினை மென்மை அல்ல, சாய்வு. உட்காருமிடத்தின் முன்பாதியில் ஆப்புபோல் சரிவாக வெட்டிய ரீபாண்டட் துண்டை ஒட்டிச் சமன் செய்யுங்கள். தடித்த ஓரத்தில் 15 மி.மீ. இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

கால் தரையில் எட்டவில்லை. எவ்வளவு ஃபோமை வெட்டலாம்?

உயரத்தைக் குறைப்பதற்கு முன் அகலத்தைக் குறையுங்கள். சீட்டின் மூக்குப்பகுதியில் தொடை உரசும் இரு ஓரங்களையும் 15 மி.மீ. அளவுக்கு வளைத்துச் செதுக்கினால் கால் நேராக இறங்கும், குதிகால் கூடுதலாக எட்டும், உட்காரும் தடிமனும் குறையாது. அதன் பிறகும் போதாவிட்டால் மேலிருந்து 20 அல்லது 25 மி.மீ. எடுக்கலாம். உட்காரும் எலும்புக்குக் கீழே 40 மி.மீ.க்குக் குறையாமல் ஃபோம் மிஞ்ச வேண்டும். ஒரு மெல்லிய கம்பியைத் தட்டு வரை குத்தி, எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று பல இடங்களில் அளந்துகொண்டு வெட்டத் தொடங்குங்கள். தட்டு நடுவில் மேடாக எழும்பியிருக்கும் சீட்டுகள் நிறைய.

வெட்டவும் தேய்க்கவும் என்ன கருவி?

பெரிய வெட்டுக்கு ரொட்டி வெட்டும் பல்கத்தி அல்லது கைப்பிடியில்லாத ஹாக்ஸா பிளேடு. அழுத்தாமல், நீளமாக இழுத்து அறுங்கள். அழுத்தினால் ஃபோம் நசுங்கி, விட்டதும் வெட்டு வளைந்து நிற்கும். உருவம் கொடுக்க ஆங்கிள் கிரைண்டரில் 40 அல்லது 60 எண் உப்புத்தாள் வட்டு, வேகம் குறைத்து. கடைசியில் கட்டையில் சுற்றிய 80 எண் உப்புத்தாள். தூசி மிக நுண்ணியது, முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். ஈர ஃபோம் தேயாது, பிய்ந்துதான் வரும்.

கையை ஃபோம் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் மேடு பள்ளமெல்லாம் உறை போட்ட பிறகு கண்ணுக்கும் தெரியும். அவற்றை மறைக்க முழுச் சீட்டுக்கும் 5 அல்லது 6 மி.மீ. மென் ஃபோமை மேலே ஒட்டிவிடுவது வழக்கம்.

ஃபோம் ஒட்ட எந்தப் பசை?

ஃபோமுக்கான காண்டாக்ட் வகை, முடிந்தால் ஸ்ப்ரே. இரு பக்கமும் மெல்லியதாக அடித்து, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் வரும் வரை (பொதுவாக 5 முதல் 10 நிமிடம்) விட்டுச் சேருங்கள். சேர்த்த பின் நகர்த்த முடியாது. ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு பிடிப்பு வராது. தடியாகப் பூசினால் பசை இறுகி ஒரு கோடாக உட்காருமிடத்தில் உறுத்தும். கதவு ஜன்னல் திறந்து, நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

ஜெல் வைக்கலாமா?

10 முதல் 15 மி.மீ. தடிமனுள்ள ஜெல் தட்டு, அதே ஆழத்துக்கு ஃபோமில் வெட்டிய குழியில் உட்கார வேண்டும். ஃபோமின் மேல் சும்மா வைத்தால் ஓரம் மேடாகத் தெரியும். உறைக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்தினால் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே 6 மி.மீ. ஃபோமாவது இருக்கட்டும். ஜெல் அதிர்வைக் குறைக்கும், சீட்டின் மோசமான உருவத்தைச் சரி செய்யாது.

வீட்டுத் தையல் மெஷினில் ரெக்சின் தைக்கலாமா?

இரண்டு மடிப்பு வரை பெரும்பாலான மெஷின்கள் தைத்துவிடும். நான்கு மடிப்பு சேரும் இடங்களில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி 16 அல்லது 18 எண். நூல் தடித்த பாலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். நைலான் பலமானது, ஆனால் வெயிலில் சீக்கிரம் நலியும். தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. வரை; அதைவிட நெருக்கித் தைத்தால் ரெக்சின் அந்தக் கோட்டிலேயே கிழியும். மெஷின் பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால், பாதத்தின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குண்டூசி குத்தவே கூடாது, அந்த ஓட்டை மூடாது; கிளிப் போடுங்கள்.

அளவுக்குப் பழைய உறையைத் தையல் பிரித்துப் பயன்படுத்தலாம். பிரிப்பதற்கு முன் எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று 5 செ.மீ.க்கு ஒரு கோடு குறுக்கே போட்டு வையுங்கள். ஃபோம் உருவத்தை மாற்றியிருந்தால் பழைய அளவு ஒத்துவராது. அப்போது சீட்டின் மேல் கிளிங் ஃபிலிம் (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப்பை முழுக்க ஒட்டி, தையல் எங்கே வர வேண்டுமோ அங்கே பேனாவால் வரைந்து, வெட்டி எடுத்துத் தட்டையாக்குங்கள். சுற்றிலும் தையலுக்கு 12 மி.மீ., கீழ் ஓரத்தில் இழுத்துப் பிடிக்க 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டேப்ளர் பின் எந்த அளவு? கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் போதுமா?

கால் நீளம் 6 மி.மீ., துருப்பிடிக்காத எஃகு. சாதாரணப் பின் துருப்பிடித்துத் தலை உடைந்து, உறை ஓரத்திலிருந்து கழன்று வரும். நீளம் கூடினால் கெட்டியான பிளாஸ்டிக்கில் இறங்காமல் மடங்கும், 4 மி.மீ. பின் பிடிக்காது. கை ஸ்டேப்ளர் மென்மையான தட்டுகளில் ஒருவாறு வேலை செய்யும். மற்றவற்றில் பாதிதான் இறங்கும், மீதியைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும். காற்றழுத்த ஸ்டேப்ளரை வாடகைக்காவது எடுத்துக்கொள்வது நல்லது. அடிக்கும் இடத்துக்கு நேர் கீழே கெட்டியான ஆதாரம் இருக்க வேண்டும். சீட் ஃபோம் மேல் துள்ளிக்கொண்டிருந்தால் அடியின் பாதி விசை அதிலேயே போய்விடும்.

சுருக்கம் விழாமல் எப்படி இழுப்பது?

சீட்டைத் தலைகீழாக வைத்து, முதலில் மூக்கின் நடுவில் இரண்டு பின். பிறகு பின்முனையின் நடுவில், இழுத்து இரண்டு. அடுத்து இடது நடு, வலது நடு. இந்த நான்கு புள்ளிகளிலும் தையல் கோடு நேராக இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்; இந்தக் கட்டத்தில் பிரிப்பது எளிது. பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, இடதும் வலதும் மாறி மாறி, 5 செ.மீ.க்கு ஒரு தற்காலிகப் பின். மூலைகள் கடைசியில், அங்கே சேரும் மிச்சத்தைச் சிறு சிறு மடிப்புகளாகக் கீழ்ப்பக்கத்திலேயே பங்கிடுங்கள். எல்லாம் சரியென்றால் இடைவெளியை 10 முதல் 15 மி.மீ. வரை நிரப்புங்கள். பின்கள் அடித்த வரிசைக்கு வெளியே 10 மி.மீ. விட்டு மிச்சத்தை வெட்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான்.

ரெக்சினை வெயிலில் அரை மணி நேரம் போட்டு எடுத்தால் நன்றாக விரியும். ஹீட் கன் என்றால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் மேற்பரப்பின் வரிகள் உருகிப் பளபளத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

மாட்டிய பிறகு சீட் பூட்டு விழவில்லை.

தட்டின் அடியிலுள்ள ரப்பர் குமிழ்களுக்குக் கீழே ரெக்சின் மடிப்பு போயிருக்கும். அல்லது முன் கொக்கி நுழையும் இடத்தில் உறை தடிமனாகக் குவிந்திருக்கும். அந்த இடங்களில் வெட்டி ஒதுக்குங்கள். பூட்டை அழுத்தி வலிய மூடிவிட்டு ஓட்டாதீர்கள். பாதி மாட்டிய சீட் திருப்பத்தில் கழன்றுவிடலாம்.

ஏற்கெனவே நீர் குடித்த சீட்டை எப்படிக் காயவைப்பது?

கழற்றி, பின்பக்க ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பின்களை எடுத்து, அந்த முனை கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். நீர் தானாக அங்கே இறங்கும். அவ்வப்போது அழுத்திப் பிழிந்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். நாட்கணக்கில் ஆகும். ஹீட் கன்னோ அடுப்போ வேண்டாம். பூஞ்சை நாற்றம் இருந்தால் உறையை முழுதும் கழற்றி, வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்து தெளித்து, காய்ந்த பின் மூடுங்கள். ஃபோம் கையில் பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

வேலை சரியாக வந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

எடை போடுங்கள். உலர்ந்த சீட்டின் எடையைக் குறித்துக்கொண்டு, வண்டியில் இருக்கும் சாய்வில் வைத்து, தையல்கள் மேல் ஒரு லிட்டர் நீரைப் பத்து நிமிடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும்போதே இரு கைகளாலும் அழுத்தி அழுத்தி விடுங்கள். அழுத்தாத சோதனை சோதனையே அல்ல. துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் உள்ளே போன ஒரு மில்லி லிட்டர். 20, 30 கிராம் கூடியிருந்தால் துணி ஓரங்களின் ஈரம்தான், கவலை வேண்டாம். 200 கிராம் கூடியிருந்தால் ஷீட் எங்கோ கிழிந்திருக்கிறது அல்லது அதன் ஓரம் உள்ளே மாட்டியிருக்கிறது.

சின்னக் கிழிசலுக்கு உறை முழுவதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பக்கப் பின்களை எடுத்து உறையைத் தூக்கி, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிய ரெக்சின் துண்டை உள்பக்கமாக பி.வி.சி. பசையால் ஒட்டி, மேலே எடை வைத்து ஒரு நாள் விடுங்கள். கிழிசலின் முனை ஓடிக்கொண்டிருந்தால், ஒட்டுவதற்கு முன் முனையில் 2 மி.மீ. வட்டத் துளை போட்டால் நின்றுவிடும். மேலிருந்து ஒட்டும் டேப் அடுத்த மழை வரைக்கும்தான்.

எதைக் கொண்டு துடைப்பது?

மென்மையான சோப்பு கலந்த நீர், துணி. பெட்ரோல், தின்னர் படக் கூடாது. ரெக்சினை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருளை அவை கரைத்து எடுத்துவிடும், சில வாரங்களில் வெடிப்பு தெரியும். பிரஷர் வாஷர் முனையைத் தையல் பக்கம் காட்டாதீர்கள்.